கிலோமீட்டர் தீர்ந்த கார்

பஸ் தொம்மலூரைத் தாண்டும்போது பின் சீட்டில் ஒரு பெரியவர், "கார் வீட்லதான் நிக்குது. பெட்ரோல் இருக்குது. கிலோமீட்டர்தான் இல்ல" என்றார். அதற்கப்புறம் நான் ஃபோனைப் பார்க்கவில்லை.

"இன்னாணா சொல்றீங்க?" இது பக்கத்தில் இருந்தவர், அவரோடு முன்பு வேலை பார்த்தவர் போல.

"பையன் அமெரிக்காலேர்ந்து இன்சூரன்ஸ் போட்டான். நீங்க எங்க ஓட்டப்போறீங்க, வருஷத்துக்கு ரெண்டாயிரத்தி ஐநூறு கிலோமீட்டர் போதும்னான். அதுக்கு மேல ஓட்டி எங்கயாவது இடிச்சா கம்பெனி கைய விரிச்சிடும்."

"அப்படி எங்கணா ஓட்டுனீங்க?"

முன்னால் பெண்கள் சீட்டில், தலையில் துணி கட்டிய அம்மா ஒருவர் ஜன்னலில் சாய்ந்திருந்தார். பெரியவர் அவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்குத்தான். மார்ல கட்டி. ஆறு வாரம் ஆஸ்பத்திரில தெனம் கரண்ட் வெச்சாங்க, ரேடியேஷன். ஆனேக்கல்லேர்ந்து போய்ட்டு வரவே எழுபது கிலோமீட்டர்."

"ஃபோனுக்கு ரீசார்ஜ் பண்ற மாதிரி மறுபடி போட்டுக்கலாமே?"

"பாலிசி அவன் பேர்ல. கிலோமீட்டர் தீரப்போகுதுன்னு மெசேஜும் அவனுக்குத்தான் போச்சு. மூணு மாசமா நான் கூப்ட்டா எடுக்காதவன், அன்னைக்குத் தானா கூப்ட்டான்."

"இன்னா சொன்னான்?"

"சும்மா சுத்தறத கொறைச்சிக்குங்கப்பான்னான்."

"அண்ணிக்கு இப்படின்னு நீங்க சொல்லலியா?"



"எங்க போனீங்கன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."