அக்கா இல்லாத ஒரு பகல்

உங்கள் கோட்டில் ஒரு பட்டன் நூலில் தொங்குகிறது, டாக்டர். கழற்றிக் கொடுத்தால் பேசிக்கொண்டே தைத்துத் தருவேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது. துணி தைத்தே பழகிவிட்டது.

தங்கையை உங்களிடம் முதலில் கூட்டி வந்ததே நான்தான். காலையில் 'அக்கா, நீதான் எனக்கு எல்லாம்' என்று கட்டிக்கொள்வாள். சாயங்காலம் நான் பால் வாங்கிவரக் கொஞ்சம் தாமதித்தால், 'நீயும் போயிடுவ, உன்னை எனக்குத் தெரியும்' என்று தட்டை வீசுவாள். பிறகு தன்னையே காயப்படுத்திக்கொள்வாள். அந்த மனநோய்க்குப் பார்டர்லைன் என்று நீங்கள் ஒரு பெயர் சொன்னீர்கள். எல்லோருக்கும் ஒரே காரணம் இருக்காது, ஆனால் இவளுக்குச் சின்ன வயதில் பட்ட காயம் ஆறவே இல்லை என்றீர்கள். அப்பாவின் அடி தாங்காமல் எங்கள் அம்மா, 'கொஞ்ச நேரத்துல வந்துடறேன்' என்று துணிப்பையோடு படியிறங்கியபோது இவளுக்கு ஐந்து வயது. எனக்குப் பதினாலு. என் காயத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, போகட்டும்.

என்னையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தீர்கள். சொல்லாமல் வெளியே போகக் கூடாது. போனை அணைத்து வைக்கக் கூடாது. அம்மா சொன்ன அந்த வார்த்தையை மறந்தும் சொல்லிவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு கவனமாகப் பாடம் கேட்டதில்லை.

உங்கள் வைத்தியம் பலித்தது, அதுதான் வினையாகப் போயிற்று. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனாள். தட்டு பறப்பது நின்றது. 'எனக்குப் பயமா இருக்குக்கா' என்று வாயால் சொல்லப் பழகினாள். ஒருநாள் என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, முதலாளி வேற ஊர்ல புதுக் கடை திறக்கறார். என்னைப் பாத்துக்கச் சொல்றார். தங்க ரூமும் உண்டு."

"தனியாவா?"

"டாக்டரும் என்னால முடியும்னுதான் சொன்னாங்க. நீயும் இனிமே உனக்காகக் கொஞ்சம் வாழேன்க்கா."

எனக்காக. எனக்குக் கல்யாணம் பேச வந்தவர்களையெல்லாம் இவளுக்காகத் திருப்பி அனுப்பியவள் நான். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இது பாயக்கூட இல்லை, சிரித்த முகத்தோடு எனக்குப் புத்தி சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தது. வயிறு எரிந்தது, டாக்டர். நீங்களும் கூட்டு என்று தெரிந்தபோது இன்னும் எரிந்தது.

முதலாளி வேனில் வந்து அழைத்துப் போவதாக இருந்த அன்று காலை, நான் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டேன். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நேரத்துல வந்துடறேன்" என்றேன். சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது. நான் படியிறங்கிப் போனை அணைத்தேன். எதிர் மாடி டீச்சர் வெளியூர் போகும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் சாவி கொடுத்திருந்தார். அவர் வீட்டு ஜன்னலிலிருந்து எங்கள் வாசல் நன்றாகத் தெரியும். செடிகளுக்குத் தண்ணீரும் ஊற்றினேன்.

அவள் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிவந்தாள். மருந்துக்கடை, பால்கடை, என்னிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள் வீடு என்று ஒரு வாசல் விடாமல் கேட்டாள். வேன் வந்தது. முதலாளி நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சமாதானம் சொன்னார். அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு வாய்க்கு வந்தபடி கத்தினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். உடனே இறங்கிப் போனால் பாடம் மனதில் பதியாதே என்று கொஞ்சம் பொறுத்தேன். சாயங்காலம் வரை பொறுத்தேன்.

கட்டுப் போட்டு இங்கே தூக்கி வந்ததும் நான்தான். கண் விழித்ததும் நர்சிடம் அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"பிள்ளையைக் கிள்றதும் அவதான், தொட்டிலை ஆட்டறதும் அவதான். வேணும்னேதான் போனா."

"அவ நோய்க்கு அப்படித்தான் தோணும்" என்றேன். நர்ஸ் நம்பினாள். நீங்கள்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

சரி, முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா திரும்பி வரவே இல்லை என்றுதான் உங்களுக்கும் அவளுக்கும் தெரியும். வந்தாள். அதே வாரம், அப்பா வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தாள். தங்கை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். "ஒருத்திக்குத்தான் என்னால சோறு போட முடியும். சின்னவளைக் கூட்டிட்டுப் போறேன். நீ பெரியவ, சமாளிச்சுக்குவ" என்று என் கன்னத்தைத் தடவினாள். சின்னவளை அத்தை கூட்டிப் போய்விட்டாள், இனி இந்தப் பக்கம் வந்தால் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். வாசலிலேயே அழுதுவிட்டுப் போனாள். தங்கை எழுந்து கேட்டபோது, "அம்மா உன்னை வேண்டாம்னு போயிட்டா, நான் இருக்கேன்" என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். அவளுக்குத் துரோகம் செய்யாத ஒரே ஆள் நான்தான். என்னையும் பிடுங்கிக்கொண்டால் அவள் யாரை நம்பிப் பிழைப்பாள்?