வலமாக ஓடிய கரண்டி

ஓடுகிறேன். கையில் நான்கடிக் கரண்டி. பின்னால் இரண்டாவது சிலிண்டர் வெடிக்கிறது. முதலாவது நன்றாகச் சீறிவிட்டு வெடித்தது. இது சீறவில்லை. நேராக டொம். தகரக் கூரை எழும்பி ரோட்டில் விழுகிறது. காலை ஒன்பது பத்து. பௌர்ணமி. அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் எங்கள் அன்னதானக் கொட்டகை. நான் அங்கே சாம்பார் ஊற்றுகிறவன். வயது ஐம்பத்திரண்டு. தொப்பையும் என்னோடு ஓடுகிறது, அரை அடி முன்னால்.

புகைக்குள்ளிருந்து சமையல்காரர் ஏகாம்பரம் கத்துகிறார்.

“யோவ் கோபாலு! ஸ்கூல் கேட்டாண்ட ஃபயர் வண்டி நிக்குது. ஓடிப்போய் கூட்டினு வாய்யா!”

பௌர்ணமியில் போன் போகாது. ஊரே ஒரே டவரில் தொங்கும். ஆள்தான் போகவேண்டும். ஸ்கூல் கேட் எங்களுக்குப் பின்னால். நடந்தாலே ஐந்து நிமிடம். ஆனால் அது எதிர்த்திசை. மலையை வலமாகத்தான் சுற்றுவோம். பிறந்ததிலிருந்து இந்தப் பாதையில் நான் எதிரே நடந்ததில்லை. மூளை பின்னால் போ என்றது. கால் கூட்டத்தோடு முன்னால் போனது.

குபேர லிங்கம் வரை ஓடினேன். அங்கே ஒருவர் விபூதித் தட்டோடு வந்தார். நெற்றியைக் குனிந்து காட்டினேன். சத்தியமாக. புகை அப்பிய முகத்தோடு கண்ணை மூடிக் கும்பிடவும் செய்தேன். அப்போதுதான் இன்னும் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தேன்.

வேறு யாரோ போய் வண்டியைக் கொண்டுவந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து. மூன்றாவது சிலிண்டரை வெளியே இழுக்க உள்ளே திரும்பிப் போன ஏகாம்பரம் வெளியே வரவில்லை. வெங்காயம் அரிந்துகொண்டிருந்த வள்ளி எழுந்திருக்கவே இல்லை. வேலிக்கு வெளியே வரிசையாகப் போன்கள். ஒருவன் முகத்தைத் திருப்பித் திருப்பித் தன்னையும் சேர்த்துப் படம் எடுத்தான். அவன் கையில் எங்கள் பொங்கல் தொன்னை. தின்றுகொண்டே எடுத்தான்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அன்னதானக் குழு வந்தது. பன்னீர் தெளித்தார்கள். கருகின நாற்றத்தோடு பன்னீர் சேர்ந்தால் வரும் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நினைவுக்கு கிரானைட் கல் வைப்பார்களாம். கல் நிறைய உபயதாரர் பெயர். செத்தவர்கள் பெயருக்கு, அடியில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா கல்லை இறக்கவிடவில்லை. இடத்துக்காரரிடம் தானே போய்ப் பேசினார். சாம்பலைக் கிளறி எடுத்ததையெல்லாம் அங்கேயே நட்டார். வெடித்துப் பிளந்த அண்டாவில் கனகாம்பரம். அடுப்பு ஸ்டாண்டில் சங்குப்பூக் கொடி. யாரும் திரும்பி வாங்க வராத, ஓரம் உருகிய செருப்புகள் பாத்திக்கு வரப்பு. அதில் என்னுடையதும் ஒரு ஜோடி.

நான் தண்ணீர் ஊற்றினேன். டீக்கடையில் கதையும் சொன்னேன். துப்பாக்கி பிடித்த சிப்பாய் மாதிரி கரண்டியோடு ஓடியதை நடித்தே காட்டுவேன். சிரிப்பார்கள். எந்தப் பக்கம் ஓடினேன் என்பதை மட்டும் சொல்லமாட்டேன். கரண்டி என் வீட்டில் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழம்பை நானும் சாப்பிட்டேன்.

ஒருநாள் சரோஜா கரண்டியைக் கேட்டார். கொண்டுபோனேன். பாத்திக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். விபூதி உட்பட. அவர் செருப்பு வரப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

“தெரியும்ணா. ரோட்ல பாத்தவங்க அன்னைக்கே சொல்ட்டாங்க. பயந்துட்டீங்க, அது போவட்டும். அத்த வெச்சி டீக்கடைல சிரிக்க வெச்சீங்க பாருங்க, அதான் எனக்கு ஆறல.”

கரண்டியை நட இடம் காட்டினார். “வண்டி நின்ன பக்கம் பாத்து நட்டு வைங்க.”

நட்டேன்.

போனவை: கொட்டகை ஒன்று. அண்டா மூன்று. சிலிண்டர் மூன்று. செருப்பு இருபத்தாறு ஜோடி. வள்ளி. ஏகாம்பரம். ஐந்து நிமிட தூரம்.