கடைசிப் பாரம்

அந்த நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், மேடம்.

திருத்தங்கல் அச்சகத்திலிருந்து பாரங்களை வீட்டுக்கு வாங்கிவந்து மடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. ஒரு பாரம் என்றால் பதினாறு பக்கம் அச்சான ஒரு பெரிய தாள். நானும் தங்கை வேல்விழியும் மடித்துக்கொண்டே படிப்போம். அவளுக்கு வலிப்பு உண்டு. பட்டாசுக் கம்பெனியில் சேர்க்க மாட்டார்கள். தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்.

நாவலில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருத்தி, தன் நோய் மனத்தில் வைத்திருந்த வெறுப்பால் வந்தது என்று கண்டுகொள்கிறாள். மருந்தைக் கொட்டிவிட்டு, தான் வெறுத்தவளின் பெயரை வாய்விட்டுச் சொல்கிறாள். எழுந்து நடக்கிறாள். அந்தப் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. இத்தனை வருடம் ஆஸ்பத்திரி வரிசையில் யார் மேல் வெறுப்பு என்று யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

தீபாவளிப் பட்டாசு லேபிள் ஆர்டர் அச்சு மெஷினில் ஏறியதால் கடைசிப் பாரம் மட்டும் வரவில்லை. நான் காத்திருக்கவில்லை. மாத்திரைகளைப் பெட்டியில் பூட்டினேன்.

"யாரு மேல கோவத்த வச்சிருக்க? சொல்லிரு, சரியாப்போகும்."

"ஒன் மேலதான். மாத்திரையக் குடுக்கா, வெளாடாத."

"சிரிச்சுக்கிட்டே சொன்னா அது சொன்னதாகாது."

"அழுதுக்கிட்டே சொல்ல நான் என்ன சீரியல்லயா நடிக்கேன்?"

வலிப்பு வந்தது. மறுபடியும் வந்தது. உள்ளே இருப்பது வெளியேறுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் கடைசிப் பாரம் வந்தது. அதில் அந்தப் பெண் திரும்பவும் விழுந்து சாகிறாள். மருந்தை நிறுத்தியதுதான் காரணம் என்கிறார் டாக்டர். எனக்குக் கசந்துபோயிற்று. அத்தனை பக்கம் அவளை நடக்கவைத்துவிட்டு, எழுதியவருக்குக் கடைசியில் தைரியம் போய்விட்டது.

வேல்விழி படுத்தபடியே அதை வாங்கிப் படித்தாள். "பாத்தியாக்கா, இதான் கதி. சாவியக் குடு" என்றாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

சாவி என் இடுப்பில் இருந்தது. யாரோ ஒருவர் பயந்துவிட்டார் என்பதற்காக நான் ஏன் பின்வாங்க வேண்டும்? மீதித் தாள்களை மடித்து முடித்தேன்.

தெரிந்தேதான் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசி வலிப்புக்கு முன்னால் "அக்கா" என்று கையை நீட்டினாள். அந்தக் குரலில் கொஞ்சம்கூட வெறுப்பில்லை. அந்த நேரத்திலும் வெறுப்பை அப்படி ஒளித்து வைக்கிறவளை எந்த மாத்திரை காப்பாற்றியிருக்கும்?