கத்தரி அக்கா இறங்கிய படிக்கட்டு

மேடையில் இருக்கும் ஆசிரியர் அவர்களே, நிர்வாக மேலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, தங்கை அவர்களே, நாற்காலி கிடைத்த நண்பர்களே, கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் பத்திரிகையின் துணைச் செய்தி ஆசிரியர் கத்தரி அக்காவுக்காகக் கூடியிருக்கிறோம். வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எவ்வளவு நீளமான செய்தியைக் கொடுத்தாலும் அதைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியில் முழுச் செய்தியையும் நிற்க வைப்பார். அதனால் வந்த பெயர் அது. வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதையே தன் மேசைப் பலகையில் எழுதி மாட்டிக்கொண்டார்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் ‘அக்காதான் என்னை வளர்த்தார்’ என்றார்கள். மேடைக்குப் பின்னால் தொங்கும் துணியில் ‘நூற்றுக்கணக்கானோரின் வழிகாட்டி’ என்று அச்சடித்திருக்கிறது. நல்லது! அந்த நூற்றுக்கணக்கானோர் போன மாதம் அக்கா மருத்துவமனையில் கிடந்தபோது எங்கே இருந்தார்கள்?

மருத்துவமனையில் அவருடைய கணவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “ஆபீஸ்ல இருந்து யாராவது வருவாங்கன்னு நர்ஸம்மாகிட்ட கெஞ்சி இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டேன் தம்பி. வந்த நாள்ல இருந்து என் பைதான் அதுல உக்காந்திருக்கு.” அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

கோபத்தோடு பேசுகிறேன். இரங்கல் கூட்டத்தில் கோபப்படலாமா என்று கேட்பீர்கள். வேறு எங்கே படுவது? ஆசிரியர் குழுக் கூட்டத்தில் பட்டபோது, ‘அடுத்த வாரம் பேசலாம்’ என்றுதானே சொன்னீர்கள்?

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் லிஃப்டில் மேலே வருவார். மாலையில் படிக்கட்டில் இறங்குவார். முட்டி தேய்ந்துபோயிருந்தது. படிக்கட்டே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். “லிஃப்ட்ல யாரும் யார்கிட்டயும் பேச மாட்டாங்கப்பா. எல்லாரும் நம்பரையே பாத்துட்டு நிப்பாங்க” என்பார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மெல்ல இறங்குவார். அவரிடம் ஏதாவது கேட்க வேண்டியவர்கள் கூடவே இறங்கலாம். நான்காவது மாடியிலிருந்து தரைத்தளம் வரை அவருடைய நேரம் உங்களுடையது. முன்னனுமதி தேவையில்லை. சிபாரிசு தேவையில்லை.

ஆனால் ஒன்று. வாயில் தேனைத் தடவிக்கொண்டு வந்தால் நடக்காது. நம் விளையாட்டுப் பகுதித் தம்பி ஒருவர் புதிதாகச் சேர்ந்த வாரமே போய், “அக்கா, நீங்கதான் எனக்குக் குரு” என்றார். அக்கா நின்றார். “குருவா? நான் என்னப்பா மடமா நடத்துறேன்? என்ன எழுதின? எங்க சிக்குச்சு? அதைச் சொல்லு. இல்லைன்னா வழிய விடு, முட்டி வலிக்குது.”

எங்க சிக்குச்சு? இதுதான் அவர் எல்லோரிடமும் கேட்ட கேள்வி. பதில் இருந்தால் பேச்சு தொடரும். கீழே போய்ச் சேர்ந்ததும் ஒரு நிபந்தனை போடுவார். “நான் சொன்னதைச் செஞ்சு பாரு. சரியா வந்துச்சோ இல்லையோ, என்ன ஆச்சுன்னு வந்து சொல்லு. சொல்லலைன்னா அடுத்த தடவை வராத.” இங்கே எத்தனை பேர் திரும்பிப் போய்ச் சொன்னீர்கள்? கை தூக்க வேண்டாம். தூக்காத கைகள்தான் அதிகம் இருக்கும். யோசனையை வாங்கிக்கொண்டு மேலே போனவர்கள், மேலே போனதும் லிஃப்டுக்கு மாறிவிட்டார்கள்!

இப்போது ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதோ, கடைசி வரிசைக்குப் பின்னால், கதவருகே நிற்கிறார். அறிவிப்புப் பகுதியில் வேலை செய்கிற சகோதரி. காணாமல் போனவை, ஏலம், மரண அறிவிப்பு எல்லாவற்றையும் பிழையில்லாமல் அடுக்கித் தருவது அவர் வேலை. ஒப்பந்த ஊழியர். தயவுசெய்து எல்லோரும் திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார்.

இவர் பல நாள் மாலை வேளையில் மூன்றாவது மாடித் திருப்பத்தில் வந்து நிற்பார். அக்கா வருவார், போவார். இவர் அங்கேயே நிற்பார். ஒரு நாள் அக்காவே கேட்டார். நானும் கூட இறங்கிக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா, தினமும் இங்கயே நிக்கிறியே, சுவருக்குக் காவலா?”

“இல்லக்கா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேக்கறதுக்கு எதுக்கு நிக்கணும்? கூட இறங்கு.”

“நீங்க எனக்கு வழிகாட்டணும்கா.”

“எங்க போறதுக்கு?”

அக்காவே தொடர்ந்தார். “போற இடம் தெரியாம ஆட்டோவுல ஏறினா அவனே இறக்கி விட்டுருவான். நான் மட்டும் என்ன பண்றது? யோசிச்சுட்டு நாளைக்கு வா.”

மறுநாள் வந்தார். “கோர்ட்டுக்குப் போகணும்கா. கோர்ட் நிருபரா.”

“இது பேச்சு. ஏதாவது எழுதியிருக்கியா?”

“லீவு நாள்ல போயி, பின் பெஞ்சுல உக்காந்து, ஒரு வீட்டு வாடகை வழக்க எழுதினேன். யாரும் கேக்கல. நானாத்தான்.”

“எங்க சிக்குச்சு?”

“இந்தப் பக்க வக்கீல் சொன்னதும் புரிஞ்சுது, அந்தப் பக்க வக்கீல் சொன்னதும் புரிஞ்சுது. கடைசியில யாரு ஜெயிச்சாங்கன்னுதான் எழுத வரல.”

அக்கா படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். “ஜெயிச்சவனுக்கே பல நேரம் அது தெரியாதும்மா” என்றார். பிறகு அந்தத் தாளை வாங்கிப் படித்தார். உத்தரவின் நகலை எப்படிக் கேட்டு வாங்குவது, அதில் கடைசிப் பத்தியை ஏன் முதலில் படிக்க வேண்டும், வக்கீல்கள் வெளியே வந்து சொல்வதை ஏன் உடனே நம்பக் கூடாது, எல்லாம் சொன்னார். அந்தச் சகோதரி போனார், செய்தார், திரும்பி வந்து சொன்னார். ஒவ்வொரு முறையும் வந்து சொன்னார். கவனியுங்கள், ஒவ்வொரு முறையும்!

அவர் விடுமுறை நாளில் எழுதிய மூன்று செய்திகள் நம் முதல் பக்கத்தில் வந்திருக்கின்றன. ‘நமது நிருபர்’ என்று போட்டோம். அந்த நிருபர் யார் என்று உங்களில் பலருக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா அவருக்காக நிர்வாக மேலாளரிடம் போனார். நானும் போனேன். தலைமை நிருபராக, நிருபர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு என்றாலும், ஒப்பந்த ஊழியரை இடம் மாற்ற மேலே ஒப்புதல் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது என்ன? படிக்கட்டுச் சுவரில் ஓர் அறிவிப்பு. ‘பணி நேரத்தில் படிகளில் கூடி நிற்பது ஒழுங்குமீறல்.’ படிகளில் கூடுகிறவர்கள் எழுத்துக்குப் பெயர் கேட்கிறார்கள், நல்ல பகுதி கேட்கிறார்கள், உரிமை கேட்கிறார்கள். அதுதான் உங்களுக்குப் பிரச்சினை, இல்லையா?

அக்காவைக் கூப்பிட்டு, “சின்னப் பிள்ளைங்களுக்கு யோசனை சொல்றது உங்க வேலை இல்லையே மேடம்” என்று மேலாளர் கேட்டார். அக்கா சொன்ன பதிலை இந்த மேடையில் வைப்பது என் கடமை. “ஆமா சார், என் வேலை இல்ல. உங்க வேலை. நீங்க செய்யல, அதான் நான் செய்யறேன்.”

கடைசியாக நான் அவரைப் பார்த்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கணவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார். நான் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்பதற்குள் அக்கா கேட்டார்.

“அந்தப் பொண்ணு கோர்ட்டுக்குப் போயிட்டாளா?”

“இன்னும் இல்லக்கா.”

“அப்புறம் நீ எதுக்குடா இங்க வந்த?”

அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. ஆறுதல் சொல்லப் போனவனைத் திட்டி அனுப்பினார். அதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன பட்டம் தர முடியும்?

இன்று காலை என் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். கூட்டத்தின் முடிவில் இதை நான் வாசிக்க வேண்டுமாம். ‘அன்னாரின் நினைவாக வழிகாட்டித் திட்டம்’. இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு குழு பரிசீலிக்கும். முடிவில் சான்றிதழ் உண்டு. தகுதி: நிரந்தர ஊழியர்கள் மட்டும். குழுவின் தலைவர், நிர்வாக மேலாளர்!

வாசிக்க வேண்டிய அளவு வாசித்துவிட்டேன். மீதியை வாசிக்க மாட்டேன். அக்கா கடைசி வரை யாருக்காக வாதாடினாரோ, அவரே உள்ளே வர முடியாத திட்டத்துக்கு அக்கா பெயரா? உயிரோடு இருந்தபோது படிக்கட்டை அடைத்தீர்கள். இறந்த பிறகு அவர் பெயரில் வாசல் கட்டி, அதையும் பூட்டுகிறீர்களே!

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நேராக ஒன்று கேட்கிறேன். அந்தச் சகோதரியைத் திங்கட்கிழமை முதல் நீதிமன்றச் செய்திக்கு அனுப்புகிறேன். அவர் எழுதுவது அவர் பெயரிலேயே வரும். நீங்கள் பேச வேண்டாம். தலையசைத்தால் போதும். நான் காத்திருக்கிறேன்.

மேலாளர் பக்கம் பார்க்க வேண்டாம் ஐயா. என்னைப் பாருங்கள். இல்லை, அதோ, அக்காவின் கணவரைப் பாருங்கள்.

நன்றி. அசைத்துவிட்டார். எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? நான் நிருபர். சாட்சி இல்லாமல் எதையும் நம்ப மாட்டேன்.

நண்பர்களே, பூ போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவது சுலபம். அக்கா விட்டுப்போன வேலை மாலைதோறும் காத்திருக்கும். கூட்டம் முடிந்ததும் நான் படிக்கட்டில்தான் இறங்குவேன். நாளையும் அப்படித்தான். கேட்க வேண்டியது இருப்பவர்கள் கூட வாருங்கள், என்ன எழுதினீர்கள், எங்கே சிக்கியது என்ற பதிலோடு. லிஃப்டுக்கு மாறிப்போன மூத்தவர்களே, உங்களுக்கும் கால்கள் இருக்கின்றன. நீங்களும் இறங்குங்கள். சுவரில் இருக்கும் அந்த அறிவிப்பை நான் போகிற வழியில் கிழிக்கப் போகிறேன். இதையும் எல்லோர் முன்னிலையில்தான் சொல்கிறேன்.

கதவருகே நிற்கும் சகோதரி, திங்கட்கிழமை காலை கோர்ட்டுக்குப் போங்கள். மாலையில் மூன்றாவது மாடித் திருப்பத்துக்கு வந்து, என்ன ஆனது என்று சொல்லுங்கள். அக்காதான் இல்லையே என்று சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். சொல்லவில்லை என்றால், அடுத்த தடவை வராதீர்கள்.