வெள்ளிக்கோல் வரையன்

ஓணானைப் பச்சோந்தி என்று சொல்வது அப்படியொன்றும் பெரிய குற்றமில்லை ஐயா. எங்கள் வரிச்சிக்குடியில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும், கழுத்து சிவந்திருக்கும், பார்ப்பவனுக்கு நிறம் மாறியது போலத்தான் தெரியும். கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோது நானும் அப்படிச் சொன்னேன். சொன்ன இடம்தான் சரியில்லை. பக்கத்து நாற்காலியில் என் சகலை கலைவாணன் உட்கார்ந்திருந்தார்.

அவர் என் மனைவி நந்தினியின் அக்காள் கணவர். காரைக்காலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். நல்ல மனிதர், அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். குரலை உயர்த்த மாட்டார், கேலி செய்ய மாட்டார். "சகல, அது பச்சோந்தி இல்லங்க. ஓணான். பச்சோந்தி மரத்த விட்டு லேசுல எறங்காது" என்றார். அவ்வளவுதான். வாயிலிருந்த அதிரசத்தை விழுங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த பதினான்கு வருஷம் இப்படியே போனது. வயலில் நின்ற கொக்கைக் காட்டினேன், அது நாரை என்றார். கூரையில் உட்கார்ந்திருந்த ஆந்தை கூகையாகிவிட்டது. கருடன் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டது வெறும் பருந்து. புயல் முடிந்த ஒரு நாள் கடற்கரையில் பெரிதாக ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. ஆறு வயது மகள் பாரதிப்ரியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, சுறாவைப் பார் என்று காட்டினேன். பின்னாலேயே வந்த சகலை, அது ஓங்கில், மீனே இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று விளக்கினார். சுற்றி நின்ற பட்டினச்சேரி மீனவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் தோளில் இருந்த குழந்தை அவர் பக்கம் கையை நீட்டியது.

அதன் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. நான் எதைச் சொன்னாலும், "அப்பா, உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா, இல்ல பெரியப்பாகிட்ட கேட்டுக்கட்டுமா?" என்பாள். மரியாதையாகத்தான் கேட்பாள். கோட்டுச்சேரி கடைத்தெருவில் எனக்குச் சொந்தமாக உரக்கடை இருக்கிறது. ஊரில் நாலு பேர் யோசனை கேட்கிறார்கள். வீட்டில் மட்டும் ஒரு ஆட்டுக்குப் பேர் சொல்வதென்றாலும் இரண்டு தரம் யோசித்தேன், செம்மறியா வெள்ளாடா என்று.

ஒரு கல்யாணப் பந்தியில்தான் அந்த விஷயம் தெரிந்தது. சகலைக்குப் பாம்பு என்றால் அருவருப்பு. பாடப் புத்தகத்தைத் தாண்டி அதில் அவர் போனதில்லை. காவல் இல்லாத எல்லை ஒன்றைக் கண்டுபிடித்த தளபதி மாதிரி அன்று வீட்டுக்கு வந்தேன். அடுத்த முறை சென்னைக்குப் போனபோது பாம்புகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று வாங்கினேன். நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு மனப்பாடம் செய்தேன். பாம்பைப் படித்து எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகப் போகிறீர்கள் என்று நந்தினி கேட்டாள்.

இரண்டு வருஷத்தில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. உரம் வாங்க வருகிறவர்கள் அடித்த பாம்பைக் குச்சியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாரையை அடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். பூமிநாதன் என்ற விவசாயியைக் கடித்தது நல்ல பாம்புதான் என்று பார்த்துச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எட்டாவது படிக்கும் பாரதிப்ரியா வகுப்பில், எங்க அப்பாவுக்கு எல்லாப் பாம்பும் தெரியும் என்று சொன்னாளாம். டீச்சரே என்னிடம் சொன்னார்கள். பெரியப்பாவிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று அவள் சொல்லாத ஒரே பாடம் அது.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். இறால் வறுவல். இறாலை மீன் வகையில் சேர்த்துப் பேசி நான் அன்றைக்கு ஏற்கெனவே ஒரு தடவை திருத்தப்பட்டிருந்தேன். மணி மூன்று இருக்கும், மாரிக்கண்ணு தன் டிவிஎஸ் வண்டியில் மனைவி அல்லியை உட்கார வைத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். இருவரும் எங்கள் ஊரில் வயல் வேலை செய்கிறவர்கள். வைக்கோல் கட்டும்போது அவள் விரலில் ஏதோ கடித்திருக்கிறது. அடித்த பாம்பை உரச்சாக்கில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். காரைக்கால் ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பியிருக்கிறார்கள். போகிற வழியில் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று நிறுத்தினார்களாம். சார் என்பது நான்.

பாம்பின் தலையும் கழுத்தும் நசுங்கியிருந்தன. உடம்பு முழுக்கச் சேறு. சேற்றுக்கு நடுவே வெள்ளை வரிகள் தெரிந்தன. வலிக்கிறதா என்று அல்லியைக் கேட்டேன்.

"வலியே இல்ல சார். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். வீக்கமும் இல்லை.

தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பாரதிப்ரியா என் முழங்கையை ஒட்டி நின்றாள். வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லாதது, பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். அப்போது சகலை தூக்கக் கலக்கத்தோடு உள்ளேயிருந்து வந்தார். நாலடி தள்ளி நின்று எட்டிப் பார்த்தார்.

"கட்டுவிரியன் மாதிரி இருக்கே, சகல."

ஐயா, பதினான்கு வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்தது அந்த வாக்கியத்துக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. குரலை உயர்த்தாமல், கேலி செய்யாமல், அவர் பாணியிலேயே விளக்கினேன். எல்லோரும் இப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டுக்கும் வெள்ளை வரி உண்டு. வரையனுக்குக் கழுத்திலிருந்து வரி தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். விரியனுக்குக் கழுத்துப் பக்கம் வரி இருக்காது, வால் வரைக்கும் இரண்டிரண்டாக ஓடும், முதுகுத்தண்டில் செதில்கள் பெரிதாக அறுகோணமாக இருக்கும். புத்தகத்தில் இருந்த பக்கத்தை அப்படியே ஒப்பித்தேன். கையிலிருந்த பாம்பைத்தான் பார்க்கவில்லை.

"அப்படியா? பாம்புல எனக்கு அவ்வளவு பழக்கமில்லங்க. நீங்க சொன்னாச் சரிதான்" என்றார் சகலை.

பாரதிப்ரியா அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் வாக்குமூலத்தில் எழுத முடியாது. அல்லிக்கு நந்தினி காபி கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமா என்று மாரிக்கண்ணு கேட்டான். ஞாயிற்றுக்கிழமையில் வீண் அலைச்சல் என்றேன். இருவரும் என்னைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பாம்பை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கலாம் என்று கொல்லைக் குழாயடியில் கழுவினேன். என் வெற்றிக்கு ஒரு ஞாபகச் சின்னம் வேண்டாமா? சேறு போனதும் உடம்பு கறுத்து மினுமினுத்தது. வெள்ளை வரிகள் வால் நுனி வரைக்கும் ஓடின, இரண்டிரண்டாக. விரலை வைத்து முதுகுச் செதில்களைத் தடவினேன். அறுகோணம். மணி அப்போது மூன்றே முக்கால்.

என் மோட்டார் சைக்கிளில் அல்லி வீட்டுக்கு மூன்று நிமிஷம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கால் மணி நேரம். இதை நான் அப்போதே கணக்குப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடத்தில் சகலை உட்கார்ந்திருந்தார். வண்டிச் சாவியை எடுத்தால் எங்கே என்று கேட்பார். சொல்ல வேண்டும். சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், சிரிக்கவும் மாட்டார். "பரவால்லங்க சகல, யாருக்கும் வர்ற கொழப்பந்தான்" என்பார். அந்தப் 'பரவால்ல'வை நினைத்ததும் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்களுக்கு ஐந்தரை மணிக்கு பஸ். பஸ் ஏறியதும் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நியாயமான முடிவாகத்தான் பட்டது. பாம்பைக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தேன்.

ஐந்து மணிக்கு மாரிக்கண்ணு திரும்பி வந்தான். நாங்கள் கூடத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தோம்.

"சார், அவளுக்குக் கண்ணு சொக்குது. எமைய தூக்க முடியலங்குறா. பேச்சும் கொஞ்சம் கொழறுது" என்றான்.

கட்டுவிரியன் விஷம் அப்படித்தான் வேலை செய்யும். புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். சகலை முறுக்கைக் கையில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார். பாரதிப்ரியாவும் பார்த்தாள்.

"பயத்துல வர்ற களைப்பு, மாரிக்கண்ணு. தூங்க விடு" என்றேன்.

அவன் சரிங்க சார் என்று போனான்.

பஸ் அன்றைக்குத் தாமதம். ஆறு பத்துக்கு வந்தது. ஜன்னல் வழியாகச் சகலை கையசைத்தார், நானும் அசைத்தேன். பிறகு நான் தாமதிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். அல்லிக்கு மூச்சு அறுந்து அறுந்து வந்துகொண்டிருந்தது. அவளை நடுவில் உட்கார வைத்து, மாரிக்கண்ணு பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, நான்தான் ஓட்டினேன். கோட்டுச்சேரி தாண்டியதும் அவள் தலை என் முதுகில் சாய்ந்தது. அதன் பிறகு எழவில்லை.

எந்தப் பாம்பு என்று டாக்டர் கேட்டார். நான் பார்த்தது விஷமில்லாத பாம்பு, வைக்கோலில் இன்னொன்று இருந்திருக்க வேண்டும், அதுதான் கடித்திருக்கிறது என்றேன். ஊர் அதை நம்பிவிட்டது. இரண்டு பாம்பு இருந்ததாக எல்லோருமே சொல்லத் தொடங்கினார்கள், ஒருவர் அது ஓடியதைப் பார்த்ததாகவே சொன்னார். சாவு வீட்டில் மாரிக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க வண்டி எடுத்து வந்தீங்களே சார் என்று அழுதான். துக்கம் கேட்க வந்த சகலை நாலு பேர் முன்னால், "பாம்ப அவரு சரியாத்தான் சொன்னாரு, விதி வேற பாம்பா வந்துடுச்சு" என்றார். அந்த இடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது ஐயா. சந்தோஷம் என்பது சரியான சொல் இல்லையென்றால் நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டு மாதமாக மனசாட்சி உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால்தான் வந்தேன். வேறு காரணம் இல்லை. பள்ளிக்கூடக் கண்காட்சிக்காகப் பாரதிப்ரியா ஒரு படம் வரைந்திருக்கிறாள், அன்று பார்த்த பாம்பை ஞாபகத்திலிருந்து. கெட்டிக்காரப் பெண். வால் வரைக்கும் இரண்டிரண்டு வரி. நேற்று சாயங்காலம் அதையும் என் புத்தகத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, இது கட்டுவிரியன்னு போட்டிருக்கே. நான் தப்பா வரைஞ்சிட்டேனா?" என்று கேட்டாள். நான் புத்தகத்தை மூடி வைத்தேன். நாளைக்குப் பெரியப்பா வருவார், அவரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்று காலை கடையைக்கூடத் திறக்காமல் நேராக இங்கே வந்தேன்.

பாம்பின் எலும்பு செடியடியில் கிடக்கும், தோண்டிக்கொள்ளுங்கள். ஏட்டையாவிடம் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. ஆள் தப்பாக அடையாளம் சொல்லிவிட்டான், பிறகு பயந்து மறைத்துவிட்டான், அந்தப் பிரிவில் போட்டால் தண்டனை குறைவு என்றீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் தயவுசெய்து அப்படி எழுத வேண்டாம். சேற்றோடு பார்த்தபோதே அது கட்டுவிரியன் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் அவளை வீட்டுக்கு அனுப்பினேன் என்று எழுதுங்கள். அதற்கு எந்தப் பிரிவானாலும் சரி, கையெழுத்துப் போடுகிறேன். பாரதிப்ரியா இன்றைக்குக் கேட்கும்போது, அப்பாவுக்குத் தெரியவில்லை என்று மட்டும் சகலை சொல்லிவிடக் கூடாது.