மூணாம் கிளாஸ் மங்கா

எனக்குப் பிள்ளைகளை அடிக்கும் பழக்கம் கிடையாது. திருச்சுழிப் பக்கத்தில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் பிரம்பே வைத்துக்கொள்ளாத வாத்தியார் நான் ஒருவன்தான்.

வாராவாரம் நீங்கள் ரேடியோவில் கேட்டுச் சிரிக்கிற ‘மூணாம் கிளாஸ்’ நாடகத்தை எழுதுவதும் நான்தான். புனைபெயரில் எழுதுவதால் ஊரில் தெரியாது. அதில் வரும் மக்குப் பெண் மங்காவை எங்கே பிடித்தீர்கள் என்று ரேடியோ நிலையத்தில் கேட்கிறார்கள். சொல்கிறேன்.

தறிக்காரர் திம்மையாவின் மகள் சௌடம்மாள் என் மூன்றாம் வகுப்பில் படித்தாள். வயது கடந்து பள்ளியில் சேர்ந்தவள். வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ். ஒரு சேலையை ஒருவர் எட்டு நாளில் நெய்தால் எட்டுப் பேர் எத்தனை நாளில் நெய்வார்கள் என்று ஒரு நாள் அவளைக் கேட்டேன்.

“நெய்யவே முடியாது சார். ஒரு தறியில எட்டுப் பேரு உக்கார எடம் ஏது?” என்றாள்.

வயிறு குலுங்கச் சிரித்தேன். அதை அப்படியே எழுதி அனுப்பினேன். யுத்தச் செய்தி முடிந்து பஞ்சாயத்து ரேடியோவில் அது வந்தபோது, கூடியிருந்த சனம் முழுக்கச் சிரித்தது. கூட்டத்தில் ஒருவனாக நின்று கேட்டேன். அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அதன் பிறகு அவள் சரியான விடை சொன்னால் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவேன். கோணலாகச் சொன்னால் சிரிப்பேன், கடலை மிட்டாய் கொடுப்பேன். கெட்டிக்காரப் பிள்ளை, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். வருஷக் கடைசியில் ஃபெயில் போட்டேன். நாலாம் வகுப்புக்குப் போனால் ராமசுப்பு வாத்தியாரிடம் போய்விடுவாள். அந்த மனிதருக்குச் சிரிக்கவே தெரியாது. அவளை வீணாக்கிவிடுவார்.

மறு வருஷமும் ஃபெயில் போட்டதும் திம்மையா வந்து நின்றார்.

“இன்னொரு வருசமும் இப்பிடியே போச்சுன்னா நிறுத்திருவேன் சார். அருப்புக்கோட்டையில ரெண்டாந்தாரமா கேக்குறாக” என்றார்.

கோபத்தில் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள், எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

“நாளைக்கு மட்டும் சரியாச் சொல்லிரட்டுமா சார்? எங்கய்யா நெசமாவே நிறுத்திருவாக.”

அந்த வாரம் எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை. “இன்ஸ்பெக்டரும் மனுசர்தான. அவரைச் சிரிக்க வச்சிட்டா நீ பாஸு” என்றேன். நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஏழும் எட்டும் எத்தனை என்று அவர் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“வாங்குறவுகளுக்குப் பதினாலு, விக்கிறவுகளுக்குப் பதினாறு சார்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. புத்தி மந்தம் என்று எழுதினார். பதினைந்து என்பது அவளுக்குத் தெரியும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பதிலை நாடகத்தில் போட்டபோது பாராட்டு குவிந்தது.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு என் வயது இருக்கும். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மங்கா இல்லாமல் நாடகம் நின்றுவிடும் என்று பயந்தேன். நிற்கவில்லை, பழைய பதில்களையே திருப்பித் திருப்பி எழுதினாலும் சனம் சிரிக்கிறது.

போன மாதம் இடுப்பில் குழந்தையோடு ஊருக்கு வந்திருந்தாள். பஞ்சாயத்து ரேடியோ முன்னால் முதல் தடவையாக நின்று முழு நாடகத்தையும் கேட்டாள். தன்னுடைய பதில்களை அடையாளம் தெரியாமல் இருக்குமா? கூட்டம் கலைந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

“அந்தப் பிள்ளைய இன்னும் பாஸ் போடலையா சார்?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் படிப்பைக் கெடுத்தவன் நான்தான். படிக்க வேண்டிய பிள்ளையைத் தெரிந்தே மக்காக்கினேன். இதை யார் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து அவள் கேட்டதை மங்காவின் அம்மா கேட்பதாக எழுதி அனுப்பினேன். ரேடியோ நிலையத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.