கடைசியில் தைத்த முன்கதை

— இல்லண்ணே, அந்தக் கட்டு கடைசியில வரணும். நீங்க மொதல்ல வெச்சிட்டீங்க.

— ஏம்மா இருசம்மா, வேப்பந்தட்டையிலேருந்து பஸ் ஏறி பெரம்பலூருக்கு வந்து எனக்கே பைண்டிங் சொல்லித் தர்றியா? மேலயே போட்டிருக்கான் பாரு, முன்கதைன்னு. முன்கதை முன்னாடிதான் வரும்.

— பேருதான் ராசாங்கண்ணே முன்கதை. பத்திரிகையில கடைசியாத்தான வந்துச்சு? மொதல்ல படைத்தலைவன் மாறவேள் கதை, ரெண்டு பாகம். அப்புறம் தீவாளி மலர்ல ஓடக்காரி நாச்சியோட கிளைக்கதை. அதுக்கப்புறந்தான் மாறவேள் சின்னப் புள்ளையா இருந்த கதை.

— மனுசன் பொறக்குறான், வளர்றான், சாவுறான். அதான் வரிசை. செத்தவனக் கடைசியில தொட்டில்ல போடச் சொல்றியே!

— போட்டா என்ன? முன்கதைய மொதல்ல படிச்சா, நாச்சிதான் அவனப் பெத்தவன்னு எடுத்ததுமே தெரிஞ்சிரும். அப்புறம் மிச்சத்துக்கு என்ன ருசி?

— அதெல்லாம் நான் கண்டனா? நமக்குப் பசையும் நூலுந்தான். கதைப் பக்கமே போறதில்ல... ஆமா, தாளுல இப்படி ஓட்ட போட்டு வெச்சது யாரு?

— எங்க அண்ணிதான். வாராவாரம் பக்கத்தக் கிழிச்சு, கோணி ஊசியால தச்சு வெச்சுரும்.

— ஆண்டாயியா? நெல்லு மூட்டன்னு நெனச்சிருச்சோ?

— சிரிக்காதீங்க. எங்க செல்லமுத்தண்ணன் வெள்ளிக்கிழமையானா பத்திரிகையோட வரும். அது படிக்கும், அண்ணி கடலை உடைச்சுகிட்டே கேக்கும். சண்ட வர்ற எடத்துல பருப்பு சட்டிக்குப் போவாது, வாய்க்குத்தான் போவும்.

— செல்லமுத்து... நல்ல மனுசன். ஒரு வருசம் இருக்குமா?

— வர்ற மாசிக்கு. அண்ணன் போனதுலேருந்து அண்ணி இதத் தொடல. 'எல்லாத்தையும் அடுப்புல போடு இருசா'ன்னுச்சு. போட்டுட்டேன்னேன்.

— அப்ப அடுப்புல எரிஞ்சது?

— கடலத் தோலு.

— அடிப்பாவி!

— சாமி மன்னிக்கும்ணே. மிச்ச வாரத்தையும் நானே வாங்கிக் கிழிச்சு வெச்சேன். அண்ணி இப்பல்லாம் யாருகிட்டயும் பேசறதில்ல. பக்கத்துல உக்காந்து படிச்சா, 'ம்'முன்னாவது கொட்டும்ல?

— அதத்தான் முன்கதையிலேருந்து ஆரம்பியேன்.

— அண்ணன் பாதியில நிறுத்துனதே அந்த முன்கதையிலதாண்ணே. எடுத்த எடுப்புல அந்த எடம் வந்தா, அண்ணி எந்திரிச்சுப் போயிரும். அப்புறம் கூப்புட்டாலும் வராது. அதுவுமில்லாம... மாறவேள் செத்ததோட புத்தகத்த மூட எனக்கு மனசு வல்ல.

— அது சரிதான். அம்பு பட்டு ஏழு நாளு கெடந்து, ஒரு வா தண்ணி கேட்டு...

— கதைப் பக்கமே போறதில்லன்னீங்க?

— படம் போட்டிருக்குல்ல.

— தண்ணி கேட்டது படத்துலயா இருக்கு?

— ...இந்த முன்கதையில ஒரு வாரம் கொறையுதும்மா. பதினேழுக்கு அப்புறம் பத்தொம்போதுதான் இருக்கு.

— அண்ணன எடுத்த வாரம். அன்னைக்கு யாரு போயி பத்திரிக வாங்குறது? அப்புறம் கேக்காத கட இல்ல, கெடைக்கல.

— நான் தச்சு வெச்ச புத்தகத்துல இருக்கு. நாளைக்கு எடுத்தாந்து சேத்துர்றேன்.

— உங்க புத்தகத்தப் பிரிச்சா? வேணாண்ணே. யாருக்காவ ஆசையா தச்சதோ.

— எம் வீட்டுக்காரி பொன்னுத்தாயிக்குத்தான்.

— ஐயோ, அக்கா தவறி ரெண்டு மாசந்தான ஆவுது... அதப் போயி பிரிப்பாங்களா?

— பிரிக்கத்தாம்மா வேணும். அத நான் சொன்ன வரிசையிலதான் தச்சேன். பொறப்பு முன்னாடி, சாவு பின்னாடி. திருச்சி ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்து படிச்சுக் காமிச்சேன். மாறவேள் கண்ண மூடுனதும், 'அவன் சின்னதுல குதிர புடிக்கப் போவான்ல, அந்த எடத்தத் திரும்பப் படிங்க'ன்னா. 'அது எப்பவோ முடிஞ்சு போச்சு புள்ள, காலையில பாத்துக்கலாம்'னு மூடி வெச்சிட்டேன். காலையில அவ இல்ல... அந்தக் கட்ட இப்படிக் குடும்மா. கடைசியிலயே தச்சுத் தர்றேன்.